மிஷின் பெட்டியில் ஒரு ஜோடி செருப்பு

டிரில்லிங் மிஷின் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களின் முகத்தை ஜைதூன் பீ முதலில் பார்க்க மாட்டார். கையைப் பார்ப்பார், பிறகு காலைப் பார்ப்பார். முகம் கடைசியில்தான்.

"மோதிரத்த கழட்டு."

"வராதுக்கா. பத்து வருஷமா மாட்டிக்கினு கீது."

"பின்னால குழா கீது, சோப்பு கீது. போய்க் கழட்டினு வா. வாட்சையும் சேர்த்து."

வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போவார். திரும்பி வரும்போது பெட்டி மேசைமேல் தயாராக இருக்கும். ஜைதூன் பீயின் கணவர் இனாயத் பாய் தன் கையால் செய்த மரப்பெட்டி. அதைத் திறந்தால் மிஷின் ஒரு பக்கம், அதன் வயர் ஒரு பக்கம், மூலையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பச்சை வார் வைத்தது.

"இது எதுக்குக்கா?"

"போட்டுக்கினு நடக்கறதுக்கு. வெறுங்காலோட மிஷின புடிக்கக் கூடாது."

தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் கடைகள் ஒட்டிக்கொண்டு இருந்தன. முனையில் எஸ்.டி.டி. பூத், நடுவில் ஜைதூன் அக்காவின் மிஷின் கடை, அதற்கடுத்து என் அரைக்கடை. நான் சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்துக் கொடுப்பேன். ரங்கநாதன் தெருப் பக்கத்து ஜவுளிக் கடைகளிலிருந்து மூட்டையாக வரும். என் தையல் மிஷின் தெருவைப் பார்த்தபடி இருந்தது. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதைவிட வசதியான இடம் எனக்கு அமைந்ததில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் ஆம்பூர். கணவர் இனாயத் பாய் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். தொண்ணூற்று நாலில் அவர் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது கடையில் நான்கு மிஷின்கள் இருந்தன. இரண்டு டிரில்லிங், ஒன்று மார்பிள் அறுப்பது, ஒன்று மரம் இழைப்பது. பூட்டிவிட்டு ஆம்பூரில் அவர் அண்ணன் வீட்டில் போய் இருக்கச் சொன்னார். அந்த வீட்டில் பதினோரு பேர், ஒரே அடுப்பு, அந்த அடுப்புக்கு ஒரு அண்ணி. அக்கா பூட்டவில்லை. வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

முதல் மாதமே ஒருவர் கோபமாக வந்தார். ஓட்டை போடுகிற பிட்டை இறுக்கும் சாவியை மிஷினின் மூக்கிலேயே மறந்து வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். சாவி பறந்துபோய் பீரோக் கண்ணாடி உடைந்துவிட்டது. அவர் காதுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல்தான் தூரமாம். கண்ணாடிக்கு யார் பதில் சொல்வது என்று அவர் கத்தினார். அக்கா, "காதுக்கு யார் பதில் சொல்றதுன்னு கேளுங்க" என்றார். அன்றே ஒரு முழக் கயிற்றில் அந்தச் சாவியை பிளக்கின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். பிட்டை மாற்றுவதற்கு சாவி வேண்டும். சாவி மிஷின் வரைக்கும் எட்ட வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய மிஷின் யாரையும் ஒன்றும் செய்யாது. இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யோசித்துச் செய்தார்.

மயிலாப்பூரிலிருந்து வேதாந்தம் என்று ஒரு பெரியவர் வருவார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொலுப்படி பொருத்துவதற்கு முதல் தடவை வந்தபோது தோளில் மயில்கண் வேட்டிக்குப் பொருத்தமான அங்கவஸ்திரம்.

"ஆத்துல நாலே நாலு ஓட்டை போடணும். அவ்வளவுதான்."

"மேல துண்ட கழட்டிருங்க சாமி. மிஷின் சுத்திக்கினு இழுத்துரும்."

அவர் துண்டை மடித்து வைத்தார். வாட்சைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். பிறகு சந்தேகத்தோடு மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பூணூலையும் கழட்டணுமோ?" என்றார்.

"அது உங்க இஷ்டம். நான் சட்ட போட்டுக்குங்கன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் எஸ்.டி.டி. பூத்தில் பேசிக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்தார்.

ஆனால் நாலு ஓட்டைக்காரர்களை வைத்துக் கடை ஓடாது. ஓடியது ராஜரத்தினத்தால். அவர் கடை உள்வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி. ஷோரூம்களுக்கு ரேக் அடிப்பது, பிளைவுட் ஒட்டுவது, மேலே அட்டைக்கூரை தொங்கவிடுவது எல்லாம் அவர் ஆட்கள். தீபாவளி நெருங்கினால் நான்கு மிஷினையும் மாதக்கணக்கில் அவரே எடுத்துக்கொள்வார். வெற்றிலை போட்ட வாய், நல்ல மனுஷன், ஆனால் தன் ஆட்கள் முன்னால் யாரும் தன்னை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அவர் வந்தால் மட்டும் அக்கா மோதிரத்தைப் பற்றிப் பேச மாட்டார். மிஷினைப் பிடிக்கிறது அவர் இல்லையே, ஏகாம்பரம்தானே. ஏகாம்பரத்திடம் மோதிரமும் இல்லை, வாட்சும் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் தம்மாமிலிருந்து போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கும் அக்கா கடைக்கும் நடுவில் பலகைத் தட்டிதான். அக்கா சொல்லும் பாதி எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"ராஜரத்தினம் எடுத்துக்கினுதான் கீறாரு... ஓடிக்கினு கீதுங்க... சரி. சரி. தீபாவளி வரைக்கும் பாக்கறேன்."

வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் துணியால் மிஷினைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தீபாவளிக்கு மேல ராஜரத்தினம் எடுக்கறத வெச்சி கடை நிக்கலன்னா, மிஷினுங்கள அவருக்கே வித்துட்டு ஆம்பூருக்குப் போவணுமாம் மோகனா. ரம்ஜானுக்கு லீவுல வராரு. வந்து முடிவு பண்றாராம்."

"போயிடுவீங்களாக்கா?"

"அண்ணி எனக்குன்னு ஒரு அம்மிக்கல்லு எடுத்து வெச்சிருக்காங்களாம்" என்றார்.

அந்த வருஷம் ராஜரத்தினத்துக்கு ஒரு பெரிய சேலைக் கடையின் கீழ்த்தளம் முழுக்க வேலை. எனக்கும் அந்தக் கடையிலிருந்துதான் சேலை வந்துகொண்டிருந்தது. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் தைத்த மூட்டையைக் கொடுக்கப் போனேன். விட்டு விட்டு மழை. வாசலில் எல்லாரும் செருப்பை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அந்தச் செருப்புகளுக்கு நடுவில், நனைந்துகொண்டு, பச்சை வார் வைத்த ஒரு ஜோடி கிடந்தது.

உள்ளே தரையைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, சாமி படத்துக்கு முன்னால் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். சுத்தியல், உளி, ரம்பம், ரசமட்டம். நடுநாயகமாக அக்காவின் டிரில்லிங் மிஷின். அதற்கு ஒரு முழம் மல்லி. நெற்றி என்று எதை நினைத்தார்களோ அங்கே சந்தனம், குங்குமம். சந்தனத்தைக் குழைத்து வஞ்சனையில்லாமல் அப்பியிருந்தார்கள். காற்றுப் போகிற சந்துகளுக்குள்ளும் இறங்கியிருந்தது. ஒருவர் கற்பூரம் காட்டி முடித்து, செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தார். எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி.

செருப்பு வைத்திருந்த பெட்டியை சாமி முன்னால் எப்படி வைப்பது? அதனால் செருப்பு வெளியே போயிருக்கிறது. எனக்கு அது புரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். என் தையல் மிஷினுக்கே காலையில் பொட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அது காலால் மிதிக்கிற மிஷின், என்ன தெளித்தாலும் ஒன்றும் ஆகாது.

பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு குனிந்தபோது பிளக்கைப் பார்த்தேன். மேலே தடித்த பின் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம். ஆக்சா பிளேடால் அறுத்திருந்தார்கள். அங்கே சுவரில் இரண்டு பின் சாக்கெட்தான் இருந்தது, மூன்றாவது இடித்திருக்கும். அந்த மூன்றாவதுதான் எர்த்து. அலுமினிய உடம்பில் கரண்ட் கசிந்தால், பிடித்திருக்கிற ஆள் வழியாக இறங்காமல் அந்தக் கம்பி வழியாக இறங்கிவிடும் என்று அக்கா எத்தனை பேருக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

ராஜரத்தினம் பக்கத்திலேயே நின்றார். "இன்னாம்மா, சுண்டல் போதுமா?" என்றார். போதும் என்று தலையாட்டினேன். மறுநாள் விஜயதசமி, காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம், முதல் ஓட்டை அப்போதுதான் என்று யாரோ சொன்னார்கள். பச்சை வார்ச் செருப்பைத் தாண்டி வெளியே வந்தேன்.

சொன்னால் அக்கா போய் மிஷினைப் பிடுங்குவார். ராஜரத்தினம் முறைத்துக்கொண்டு போய்விடுவார். அம்மிக்கல் ஆம்பூரில் காத்துக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் ஏகாம்பரம் வெறுங்காலோடு அதைப் பிடிப்பார். சுண்டல் பொட்டலத்தை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

காலையில் அக்கா கடைக் கதவைத் தூக்கும்போதே சொல்லிவிட்டேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அவர் கைப்பையில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் டெஸ்டரைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வரும் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சேலைக் கடை வாசலில் அக்கா தயங்கினார். செருப்போடு உள்ளே போக அவருக்கு மனமில்லை. சாமி படம் இன்னும் அங்கேயே இருந்தது. செருப்பை அவிழ்த்து பச்சை வாருக்குப் பக்கத்தில் விட்டார். உள்ளே தரை மறுபடி கழுவப்பட்டு ஈரமாக இருந்தது. வாசலில் சாய்த்திருந்த பிளைவுட் துண்டு ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.

"இன்னா பாயம்மா, பொரி வாங்க வந்தியா?" என்றார் ராஜரத்தினம். "நேத்தே வந்திருக்கலாமே."

"பொரி அப்புறம் வாங்கிக்கறேன் மேஸ்திரி. மிஷின யாரும் தொடாதீங்க."

மிஷின் மரப்பலகைமேல் மாலையோடு இருந்தது. பிளக் சொருகி, சாக்கெட் சுவிட்ச் போட்டாயிற்று. ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா டெஸ்டரை எடுத்து மிஷினின் உடம்பில் வைத்தார். உள்ளே இருக்கும் சின்ன விளக்கு நன்றாக, சிவப்பாக எரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"ஈரக் காத்துல டெஸ்டர் அப்படித்தான் எரியும்" என்றார் ராஜரத்தினம். "என் பல்லுல வெச்சாக்கூட எரியும்."

"அப்படின்னா நீங்களே புடிங்க மேஸ்திரி. நல்ல நேரத்துல மொத ஓட்டை உங்க கையாலதானே போடணும்."

ராஜரத்தினம் மிஷினைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் நின்றது.

"எனக்குக் கையில சந்தனம். ஏகாம்பரம், நீ போடு."

"என் கையும் ஈரம் மேஸ்திரி."

அடுத்தவரைப் பார்த்தார். அவருக்கும் ஈரம். அங்கிருந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கை ஈரமாகிவிட்டது. யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். அதுதான் கெடுத்தது.

அக்கா சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அறுத்த இடத்தைத் தூக்கிக் காட்டினார். "எர்த்த அறுத்துட்டீங்க. உள்ள தண்ணி. கால்ல செருப்பு இல்ல. மூணையும் ஒண்ணா செய்ய உங்களாலதான் முடியும்."

"பூஜ போட்ட எடத்துல வந்து என்னிய அசிங்கப்படுத்தற" என்றார் ராஜரத்தினம். குரல் உயரவில்லை. "எடுத்துக்கினு போ. நாலையும் எடுத்துக்கினு போ. ஊர்ல ஒன் கடை ஒண்ணுதான் கீதா?"

சாயங்காலத்துக்குள் நான்கு மிஷினும் ஆட்டோவில் வந்து இறங்கின.

அக்கா டிரில்லிங் மிஷினைப் பிரித்து, சந்தனத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டி, இரண்டு நாள் காயவைத்து, புது பிளக் மாட்டினார். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தியாகராய நகர் முழுக்க டர்ரென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தீபாவளிக் காலத்தில் எங்கள் சந்து மட்டும் அமைதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ஓடிக்கினுதான் கீது" என்றார் அக்கா, தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நான் தைத்துக்கொண்டே, "நான் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.

"ஏகாம்பரத்துக்கு ரெண்டு பொண்ணு" என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "ஆனா தப்பு என்மேலயும் கீது மோகனா" என்றார்.

"உங்க மேல என்னக்கா?"

"செருப்ப கொண்டுபோய் பெட்டியில வெச்சேன். பொட்டு வெக்கற மிஷினோட செருப்ப வெச்சா எவன் உள்ள வுடுவான்? நீயே வுட மாட்டே. ரெண்டு வருஷமா வர ஜனங்க, எனக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் உஸ்மான் ரோடு டயர் கடையிலிருந்து தடித்த கறுப்பு ரப்பர் ஷீட் வாங்கி வந்தார். என் துணிக் கத்தரியைக் கேட்டார். அது பாழாகிவிடும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். நான்கு பெட்டிக்கும் அளவெடுத்து, மடித்து வைக்கிற மாதிரி நான்கு கால்மிதித் துண்டு வெட்டினார். ஒன்றின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். செருப்புகளை எடுத்துவிட்டார். பெட்டி மூடியின் மேல்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்து, மஞ்சள் பெயின்ட்டால் உள்ளங்கை அளவு ஒரு வட்டம் போட்டார்.

"இது எதுக்கு?"

"பொட்டு வெக்க. எவ்வளோ வேணா வெக்கட்டும். மிஷினு உள்ள கீதுல்ல, சாமிக்குத் தெரியாதா?"

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏகாம்பரம் வந்தார். தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கடைப்பக்கம் ஒதுங்கி நின்று, அக்காவிடம் பேசினார்.

"வேற கடை மிஷின் எடுத்தாந்தாரு. பிளக்கே இல்ல. ரெண்டு வயரு, அத சாக்கெட்டுல வுட்டு தீக்குச்சி சொருகிக்கணுமாம். நாங்க யாரும் புடிக்கல."

"ஏன், கை ஈரமா?" என்றார் அக்கா.

"ஆறு நாளா ஈரம்" என்றார் ஏகாம்பரம். "வேல நின்னு போச்சு. முதலாளி கத்தறாரு. மேஸ்திரி உன்னிய கூட்டியார சொல்லல. நான் வந்ததும் அவருக்குத் தெரியாது. ஆனா பதினோரு மணிக்கு வாசல்லயே நிப்பாரு."

பதினோரு மணிக்கு அக்கா பெட்டியோடு போனார். நான் சேலை கொண்டுபோகிற சாக்கில் பின்னால் போனேன். ராஜரத்தினம் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியை அவர் முன்னால் வைத்தார். மூன்று பின் சொருகுகிற நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். அதன் வயர் மாடியில் எர்த்து உள்ள சாக்கெட் வரைக்கும் எட்டும். ராஜரத்தினம் பெட்டியைத் திறந்து பார்த்தார். செருப்பு இல்லை. ரப்பர் துண்டைத் தடவிப் பார்த்தார். மூடியை மூடி மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார்.

"இது இன்னா?"

"உங்களுக்குத்தான் மேஸ்திரி. பொட்டு வெக்கற எடம்."

ராஜரத்தினம் வெற்றிலையை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். பிறகு உள்ளே போய் சாமி படத்திலிருந்து குங்குமத்தை எடுத்துவந்து, வட்டத்துக்கு நடுவில், கோணாமல், ஒரு பொட்டு வைத்தார். "ஏகாம்பரம், துணிய எடு. தரைய நல்லா துடை" என்றார். வேலை தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது.

ரம்ஜானுக்கு இனாயத் பாய் வந்தார். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கடையில் வந்து உட்கார்ந்தார். புது லுங்கி, தங்கக் கலரில் வாட்ச், தம்மாம் சென்ட் வாசனை சந்து முனைவரை. ராஜரத்தினம் அன்று மார்பிள் மிஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"மேஸ்திரி, நாலையும் நீங்களே எடுத்துக்கறீங்களா?" என்று பாய் நேராகக் கேட்டார். "இவங்கள ஊருக்கு அனுப்பலாம்னு கீறேன்."

அக்கா மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் நின்றது. நானும் தையலை நிறுத்தினேன்.

"எதுக்கு பாய்?" என்றார் ராஜரத்தினம். "என்கிட்ட இருந்தா மறுபடி எவனாவது பிளக்க அறுப்பான். அறுத்தா வந்து கேக்க ஆளு வேணாமா? இவங்க இங்கயே இருக்கட்டும். பொங்கலுக்கே அடுத்த கடை வேல ஒத்துக்கினேன், அதுக்கும் மிஷின் எடுத்துக்கினு போக நாளைக்கு ஆள் அனுப்பறேன்." சொல்லிவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

இனாயத் பாய் போகிறவரைப் பார்த்தார். "அண்ணிக்கு லெட்டர் போடணும்" என்றார் பொதுவாக. அக்கா துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு பாய் எழுந்து, கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டித் தருகிறேன், பெட்டிகளை மேலே வைக்க வசதியாக இருக்கும் என்று டிரில்லிங் மிஷினை எடுத்தார். பிளக்கைச் சொருகினார். ஒரு ஓட்டை போட்டார். பெரிய பிட் வேண்டியிருந்தது. சாவியைத் தேடி, பிளக்கில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். மிஷின் வரைக்கும் எட்டவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"இத எந்த மடையன் இங்க கட்டினான்?"

அக்கா சிரிப்பை முக்காட்டால் மறைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார்.

"பிளக்க புடுங்குங்க பாய்" என்றேன் நான். சத்தமாகவே வந்துவிட்டது. "வாட்சையும் கழட்டிருங்க."